கருமாதி முடிந்தபின் வீடு திரும்பிய வேலாயுதம் அண்ணன்

வேலாயுதம் அண்ணன் செத்துப்போனார் என்று பஸ் கண்டக்டர் என் கடைக்குள் வந்து சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். குட்லண்ட்ஸ் சந்தைக்குப் பக்கத்தில் நான் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருப்பது, நண்பர்களே, உங்களுக்குத் தெரியும். அன்றைக்குச் செய்துகொண்டிருந்ததும் அண்ணனுடைய வேலைதான். அவருடைய படகில் வைப்பதற்கான பெட்டி ரேடியோவின் வயிற்றைத் திறந்து போட்டிருந்தேன். “இதோட ரெண்டாவது தடவை” என்றேன். கண்டக்டர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “தம்பி, இந்தத் தடவை நான் தொட்டுப் பாத்தேன்” என்றார்.

போர்ட் லூயிஸ் பஸ் நிலையத்தில், அலுவலகம் விட்டு வந்து, வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். காலுக்கடியில் பை, அதில் ஒரு சீமைப்பலா, ஒரு சுருள் புதுக் கயிறு. பஸ் வந்தது, ஜனங்கள் ஏறினார்கள், அவர் எழவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் இறங்கிப்போய்த் தோளைத் தொட்டிருக்கிறார். அவ்வளவுதான். காற்றில்லை, அலையில்லை, ஒரு சத்தம்கூட இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஜூன் மாதம் படகு கிளம்புவதாக இருந்தது. செய்ஷெல், அங்கிருந்து சாகோஸ் தீவுகள், அதற்கப்பால் எங்கே என்று அண்ணனும் சொல்லவில்லை, அவர் மனைவி மீனாட்சி அக்காவும் சொல்லவில்லை. ஒரு மனிதர் பெஞ்சில் உட்கார்ந்தபடி எப்படிச் சாக முடியும்? அதுவும் இந்த மனிதர்?

என் தமிழ் கோவில் சாயங்கால வகுப்பில் பாதியும் பழைய பத்திரிகைகளில் மீதியுமாக நானே பொறுக்கிச் சேர்த்தது. வீட்டில் பேச்செல்லாம் இந்தத் தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோல்தான். அண்ணன் பேசியதும் அதில்தான். அவர் சொன்னதைத் தமிழாக்கி எழுதுகிறேன். ருசி குறைந்தால் குற்றம் என்னுடையது.

நான் அவருடைய ரசிகனானது போர்ட் லூயிஸ் துறைமுகத்தில். ஆஸ்திரேலியாப் பக்கமிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற சின்னப் பாய்மரப் படகுகள் வருடத்துக்கு இரண்டு மூன்று அங்கே வந்து நிற்கும். தாடி வைத்த ஓர் ஆள், சில சமயம் அவன் மனைவி, ஒரு பூனை. நான் வேலை வெட்டி இல்லாமல் வேடிக்கை பார்க்கப் போவேன். ஒரு நாள் வெள்ளைச் சட்டையும் டையுமாக ஒரு குமாஸ்தா கையில் ரொட்டிகளோடு படகு ஓரம் குந்திக்கொண்டு, குடிதண்ணீர் கெடாமல் எத்தனை நாள் வைத்துக்கொள்கிறீர்கள் என்று தாடிக்காரனைக் குடைந்துகொண்டிருந்தார். ரொட்டியைக் கொடுத்து அவனிடமிருந்து பழைய படகுப் பத்திரிகைகளை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது என்னைப் பார்த்து, “படிக்கணுமா?” என்று கேட்டு ஒன்றை நீட்டினார். நிலப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர், கிராண் கோப் கரையில் சொந்தப் படகு, பெயர் வேலாயுதம். அன்றிரவே அகராதியை வைத்துக்கொண்டு நான் அதை முழுக்கப் படித்தேன். அதற்குப் பிறகு எந்த சினிமா நடிகரும் என் மனதில் நிற்கவில்லை.

இப்போது எல்லோரும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வந்தால் வேலை இருக்குமா, கப்பலேறிப் போய்விடலாமா என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அண்ணனிடமும் கேட்டார்கள்: நீயும் ஓடப் பார்க்கிறாயா என்று. அவர் கோபப்படவில்லை. “ஓடுறவன் போற வழியப் பாப்பான். நான் மொதல்ல திரும்பி வர்ற வழியத்தான் கணக்குப் பண்றேன்” என்றார். தென்கிழக்குக் காற்றில் இந்தத் தீவை விட்டுப் போவது சுலபம். அந்தக் காற்றை எதிர்த்துத் திரும்புவதுதான் பாடு. அது படகு விடுகிற எங்களுக்குத்தான் புரியும்.

இனி அந்த முதல் சாவு. சில வருடங்களுக்கு முன்பு டிசம்பர் விடுமுறையில் அண்ணன் தனியாக ரொட்ரிகஸ் தீவுக்குக் கிளம்பினார். பிரோக் என்கிற மீன்பிடி ஓடம் ஒன்றை வாங்கி, மேலே பலகையடித்து, பச்சை வர்ணம் பூசிய படகு. கரை மறைந்தபின் வானம் கெட்டது. புயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு: காற்றைப் பார்த்து நில், புயலின் நடு உன் வலது கைப்பக்கம். அந்த விதி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அண்ணன் தென்கிழக்கைப் பார்த்து நின்றார், வலது கையை நீட்டினார், அங்கே புயல் என்று முடிவு செய்து, இடது கைப்பக்கம், வடகிழக்கே படகைத் திருப்பினார். புயல் வடகிழக்கிலிருந்து வரும் என்று இந்தத் தீவில் கோழிக்குக்கூடத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஆனால் புத்தகம் அச்சில் இருந்தது! இங்கிலாந்துக்காரன் அவனுடைய பாதி உலகத்துக்கு எழுதிய விதி அது. நம் பாதியில் அது அப்படியே தலைகீழ். தப்பிக்கிறோம் என்று நினைத்து நேராகப் புயலுக்குள் போனார். பின்னாளில் வெளியூர்க்காரர்களிடம்கூட ஒளிக்காமல் சொல்வார்: “அவன் வடக்க உக்காந்து எழுதினான், நான் தெக்க நின்னு படிச்சேன்.” தானே படித்துத் தானே தேறிய எங்களைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தவறு வரும்?

பச்சை வர்ணம் பூசிய பலகைகள் நம் கரையில் ஒதுங்கின. உறவுக்காரர்கள் பார்த்தார்கள், அழுதார்கள், பதினாறாம் நாள் கருமாதி செய்தார்கள். மீனாட்சி அக்காவின் தாலியைக் கழற்றினார்கள்.

அண்ணனோ பாதி முழுகிய படகோடு சென் பிரான்டன் மணல் தீவுகளில் ஒதுங்கி, அங்கே மீன் உலர்த்துகிறவர்களோடு உப்புக்கருவாடு தின்றுகொண்டிருந்தார். புயலில் அங்கிருந்த கம்பியில்லாத் தந்திக் கம்பம் விழுந்துவிட்டது. சரக்குக் கப்பல் வந்த பிறகுதான் போர்ட் லூயிஸ் வந்து சேர முடிந்தது. நேராகக் குட்லண்ட்ஸ் பஸ்ஸில் ஏறினார். ஏறியதும் முன் வரிசை காலியாகிவிட்டது. இதே கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை. அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று நான் விசாரித்தபோது, “செத்தவருக்கு எத்தனை டிக்கெட் எழுதுறதுன்னு தெரியல” என்றார். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தார். சுவரில் தன் படம், அதில் காய்ந்த மாலை. அதை அவர் பார்க்கவில்லை, அக்காவின் வெறுங்கழுத்தைத்தான் பார்த்ததாக எங்களிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும்.

கோவில் ஐயர் நாள் முழுக்க யோசித்துவிட்டு முடிவு சொன்னார். கருமாதி ஆனவன் ஆனவன்தான். இனி இவன் புதிதாகப் பிறக்க வேண்டும். தலை நரைக்கத் தொடங்கிய மனிதரை உட்காரவைத்து நீராட்டி, காதில் மூன்று தரம் பெயர் சொல்லிப் பெயர் சூட்டினார்கள். நம்மில் பலர் அங்கே இருந்தோம், எப்படிச் சிரித்தோம் என்று ஞாபகம் இருக்கும். வேறு நல்ல பெயராக வைக்கக் கூடாதா என்று அந்த நரைத்த குழந்தை கேட்டது, ஐயர் முறைத்தார். அதற்கடுத்து கல்யாணம். பிறந்தவனுக்குப் பெண்டாட்டி ஏது? அதே அக்காவுக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும்.

அண்ணன் தாலியை எடுத்துக் கையில் பிடித்தபோது அக்கா நிமிர்ந்து, “கட்டுறதுக்கு முந்தி ஒண்ணு” என்றாள். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து நாதஸ்வரத்தை எடுத்துவிட்டார். “இனிமே நான் இல்லாம நீங்க ரிசிஃபத் தாண்டக் கூடாது.”

ரிசிஃப் என்றால் நம் கரையைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை வரம்பு. அதற்குள் குளம், வெளியே சமுத்திரம். அக்கா குட்லண்ட்ஸ் பஸ்ஸிலேயே வாந்தியெடுக்கிறவள். எல்லோரும் அண்ணனின் கடல் கனவு அங்கேயே முடிந்தது என்று நினைத்தோம். அவர் சரி என்று சொல்லிக் கட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் நான் துக்கம் விசாரிப்பது போலப் போய் நின்றேன். இலையிலிருந்து தலையெடுக்காமல் சொன்னார்: “போகாதன்னு அவ சொல்லல. நான் இல்லாமன்னுதான் சொன்னா. நீங்கள்லாம் பாதிதான் கேட்டிருக்கீங்க.”

இரண்டாவது படகைக் கட்டிக்கொண்டே பழைய பிரோக் ஒன்றில் ஞாயிறுதோறும் அக்காவை ஏற்றினார். அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வருவாள், ஓரத்தில் சாய்ந்து வாந்தியெடுப்பாள், வாயைக் கொப்பளித்துவிட்டு, “ம், போங்க” என்பாள். ஒரு வருடம் இப்படியே போயிற்று. கரையில் நின்று கேலி பேசியவர்கள் உண்டு. ஒரு நாள் அண்ணன் பாயில் சிக்கல் எடுக்க எழுந்தபோது சுக்கானை அக்காவிடம் கொடுத்தார். அன்று அவளுக்குக் குமட்டவில்லை. அடுத்த வாரமும் இல்லை. சுக்கான் கையில் இருந்தால் வயிறு அடங்குகிறது! அதற்குப் பிறகு அவள் அதை யாருக்கும் கொடுத்ததில்லை. அண்ணன் கயிறு இழுத்தார், தண்ணீர் இறைத்தார், ஸ்டவ்வில் சோறு வைத்தார். கப்தேன் எப்படி இருக்கீங்க என்று யாராவது கேட்டால், “கப்தேன் அங்க. நான் கப்தேனோட புருஷன்” என்பார்.

புதுப் படகில் அவர்கள் முதல்முறையாக ரிசிஃபைத் தாண்டிய நாளில் நானும் ஏறியிருந்தேன். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாகக் கொதிக்கிறது, நடுவே பச்சையாக ஒரு சந்து. நான் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றேன். அண்ணன் அலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு தேங்காய்த் துண்டு தின்றார். பாக்க மாட்டீங்களா என்று நான் கத்தியதற்கு, “அத அவ பாத்துக்குவா” என்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எங்களைச் சமுத்திரத்தில் கொண்டுபோய் விட்டாள். அந்த ஒரு முறை மட்டும் அண்ணன் அழுததைப் பார்த்தேன். உப்புத்தண்ணி என்றார்.

இந்தத் தடவை, தகனத்துக்கு மறுநாளே அக்காவின் அண்ணன் படகை வாங்க ஆள் பார்த்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. விதவைப் பெண்ணுக்குப் படகு எதற்கு, பார்க்கிறபோதெல்லாம் அழுவாளே என்றுதான். எங்களில் யாருக்கும் அவளிடம் கேட்கத் துணிவில்லை. அவள் ஜூனில் கிளம்புவாளா மாட்டாளா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அது அண்ணனின் சாவைவிடப் பெரிய விஷயமாகத் தெரிந்தது எனக்கு. வெட்கமாக இருந்தது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அஸ்தியைக் கரைக்கக் கிராண் கோப் கரைக்குப் போனோம். ஐயர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டார். அக்கா கலயத்தைக் கொடுக்கவில்லை. அதை மடியில் கட்டிக்கொண்டு நடந்துபோய்ப் படகில் ஏறினாள். என்னைப் பார்த்து நங்கூரத்தை எடு என்றாள். அவளுடைய அண்ணன், “மீனாட்சி, என்ன இது, ஊரு பாக்குது” என்றார்.

“பாக்கட்டும்ணே,” என்றாள் அக்கா. “நான் இல்லாம தாண்ட மாட்டேன்னு அவரு எனக்கு வாக்குக் குடுத்திருக்காரு. நீங்க கரையில கரைச்சா அவரு தனியாத்தான் போகணும்.”

நான் ஏறி நங்கூரத்தை எடுத்தேன். பாறைச் சந்து வழியாக வெளியே வந்தோம். அவள் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மறுகையால் கலயத்தைக் கவிழ்த்தாள். நான் திரும்புவோமா என்று கேட்கவில்லை, அவளும் திருப்பவில்லை. பின்னால் தீவின் மலைகள் அடிவானத்துக்குக் கீழே போய்க்கொண்டேயிருந்தன. ரேடியோ என்ன ஆச்சு என்றாள். நடுக்கடலில் ரேடியோவில் சரியான நேரம் கேட்காமல் நாம் இருக்கிற இடத்தைக் கணக்கிட முடியாது, அதற்குத்தான் அந்தப் பெட்டி. சேதி கேட்ட நாளிலிருந்து அதைத் தொடவில்லை என்றேன். “தொடு” என்றாள். “ஜூன்ல வேணும்.”

அப்புறம், ராத்திரியெல்லாம் ஒரே ஆள் முழித்திருக்க முடியாது என்றாள். கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

“உனக்குச் சமைக்கத் தெரியுமா?”

“முட்டை பொரிப்பேன் அக்கா.”

“போதும்.”

நானும் ஜூனில் கிளம்புகிறேன் என்று சொன்னதிலிருந்து என் அம்மா என்னோடு பேசவில்லை. பேசுவாள். நண்பர்களே, அண்ணனிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அந்தப் படகில் இரண்டாவது ஆளின் இடம். கயிறு இழுக்கிற, தண்ணீர் இறைக்கிற, கூப்பிட்டால் எழுந்துகொள்கிற இடம். நேற்று அங்கே உட்கார்ந்து பார்த்தேன். அவர் என்னைவிட உயரம். கால் வைக்கிற கட்டை எனக்கு எட்டவில்லை. அக்கா ஒரு பலகையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்து ஆணியடித்தாள்.