குஸாமாவுக்கு ஊற்றிய தண்ணீர்

நான் இன்று குடியிருக்கும் வீட்டு வளவு முன்பு என் மாமிக்கு உரியதாக இருந்தது. வாப்பாவின் மூத்த சகோதரி அவர். அவர் இந்த ஊரை விட்டுப் போனதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சண்டை முடிந்து, ஊரை விட்டு விரட்டப்பட்டவர்கள் இருந்த புத்தளத்து முகாமிலிருந்து முசலிக் கரையில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பிய காலம். பெரியவர்கள்தான் திரும்பினார்கள், நான் புத்தளத்தில் பிறந்தவன். பற்றைக் காட்டைக் காட்டி, இது பள்ளிவாசல், இது கடைத்தெரு என்றார்கள். எனக்குப் பற்றை மட்டுமே தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அந்த நிலமும் மாமியின் பெயரில் இருந்தது. நாங்கள் அதன் ஒரு மூலையில் தகரக் கொட்டில் போட்டிருந்தோம். சொந்தக் காணி உள்ளவர்களுக்குத்தான் அரசாங்கம் கல்வீடு கொடுத்தது. மாமியோ அங்கே தனக்கு ஒரு வீடு கட்டி, மௌத்தாகும்வரை இருக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் வாப்பா தன் மீன்வலையில் எங்கே கிழிசல் என்று தேடத் தொடங்கிவிடுவார்.

மாமி சவூதியில் நெடுங்காலம் வீட்டு வேலை செய்தவர். அந்த வீட்டார் மழைக்குப் பிறகு பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். அப்போது மணல் முழுவதும் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்குமாம். குஸாமா என்பது பூவின் பெயர். அதன் விதையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார்.

உம்மாவுக்கு அது பெரிய பகிடி. “சவூதிக்குப் போனவை தங்கம் கொண்டு வருவினம். நீங்கள் புல்லுக்கொட்டை கொண்டு வந்திருக்கிறியள், மதினி.”

“தங்கத்தை ஊண்டினா முளைக்குமா?” என்றார் மாமி.

மாரி மழை ஓய்ந்ததும் மணலைக் கிளறி விதையைத் தூவினார். ஆடு வாய் வைக்காமல் உடைமுள்ளால் சுற்றி அடைத்தார். எரு போடவில்லை. அது பட்டினிக்குப் பழகிய செடி என்றார். ஆனால் உப்பு ஆகாது. இத்தனை வருடம் இறைக்காமல் கிடந்த எங்கள் கிணறு உவர்த்துப் போயிருந்தது. அதனால் குடிப்பதற்குப் பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீரில் ஒரு சிரட்டை எடுத்து, விடியற்காலையில் விரலால் தெளிப்பார். செடிகள் சாணளவு வளர்ந்து மொட்டு வைத்தன. உம்மாகூட முள்வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மாமி புத்தளம் போகவேண்டி வந்தது. செடியை என்னிடம் ஒப்படைத்தார். “நல்ல தண்ணி மட்டும், மகன். இது பூத்தா நான் முருங்கையும் வைப்பன், மாதுளையும் வைப்பன்.”

முதலில் சொன்னபடிதான் செய்தேன். பவுசர் வரிசையில் நிற்பது என் வேலை. பள்ளிவாசல் வெளியில் பையன்கள் பந்தடிப்பதும் அதே நேரம். ஒருநாள் விளையாட்டில் நின்று பிந்திப் போனதில் எங்கள் வாளி பாதிதான் நிறைந்தது, அது குடிக்கவே காணாது. அன்று கிணற்றில் அள்ளி ஊற்றினேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் ஒவ்வொரு நாளும் கிணற்றுத் தண்ணீர்தான். வரிசைக்குப் பிந்திப் போகும் குற்றத்துக்கு ஈடாகத் தாராளமாகவே ஊற்றினேன்.

ஒரு காலை வாப்பா கிணற்றடியில் வுழூச் செய்துகொண்டிருந்தார். நான் தண்ணீரை அள்ளிக்கொண்டு முள்வேலிப் பக்கம் போவதைப் பார்த்தார். நான் பயந்து நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொழப் போய்விட்டார்.

மாமி திரும்பி வந்தபோது செடிகளின் இலைகள் ஓரம் கருகி, மொட்டுகள் விரியாமலே காய்ந்திருந்தன. அவர் குந்தியிருந்து ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

“நல்ல தண்ணிதானே ஊத்தினனீ?”

நான் வாப்பாவைப் பார்த்தேன்.

“ஓம் ராத்தா, பவுசர் தண்ணிதான். நான் ஒவ்வொரு நாளும் பாத்தனான்” என்றார் வாப்பா.

மாமி கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “பாலைவனத்துச் செடியே நிக்க ஏலாத மண்ணில, நான் எதை நம்பி நிக்கிறது?”

அவரை யாரும் போகச் சொல்லவில்லை. மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த மாதம் வாப்பாவோடு காணி பதியும் கந்தோருக்குப் போய், வளவைத் தம்பியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, மாமி புத்தளத்துக்கு பஸ் ஏறினார். பிறகு அவர் ஊருக்கு வரவில்லை.

ஆனால் மாமி செடியைப் பிடுங்கிப் பார்த்த அந்தப் பின்னேரம் எனக்கு இவை எதுவும் தெரியாது. வாப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக் கரைக்குக் கூட்டிப்போனார். அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைக்காகப் பொய் சொல்லக்கூடிய இப்படி ஒரு வாப்பா ஊரில் வேறு யாருக்கு உண்டு என்று பெருமைப்பட்டுக்கொண்டே போனேன்.