தெசிராவின் நெஞ்சுச் சத்தம்

எங்கள் வார்டுக்கு டாக்டர்கள் வருவார்கள், படித்து முடித்துப் போவார்கள். தெசிரா நசோலோ மட்டும் வருஷா வருஷம் வந்துகொண்டே இருந்தாள். டாக்ஸி ஸ்டாண்டில் வறுத்த கடலை விற்கிறவள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் அவள் இதயத்துக்குள் ஒரு வால்வு தடித்துச் சுருங்கிவிட்டது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், தூரத்தில் லாரி மேடேறுவது போல ஒரு உறுமல் கேட்கும். அவ்வளவு தெளிவான உறுமலை நான் நர்ஸாக இருந்த காலத்தில் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

எங்கள் ஆஸ்பத்திரியில் பொது மருத்துவ மேல்படிப்பு மூன்று வருஷம். முதல் வருஷக்காரன் ராத்திரி சேர்ந்த நோயாளிகளின் கதையைக் காலைக் கூட்டத்தில் காகிதம் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். இரண்டாம் வருஷக்காரன் அவனைத் திருத்துவான். மூன்றாம் வருஷக்காரன் இருவரையும் கட்டி மேய்ப்பான். எல்லோரையும் மேய்ப்பவர் ப்ரொஃபசர் கியிங்கி. இதயம், சிறுநீரகம், காசநோய் என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுவார்கள். ஒருவன் பேர் நமக்கு வாயில் வருவதற்குள் அவன் அடுத்த வார்டில் இருப்பான்.

கடைசிப் பரீட்சை நிஜ நோயாளியை வைத்து நடக்கும். ஒரு மணி நேரம் தனியாகப் பார்த்து, என்ன நோய் என்று பரீட்சகர்களிடம் சொல்ல வேண்டும். அதற்குத் தெசிராவைக் கூப்பிடுவார்கள். விசேஷத்துக்கு உடுத்துகிற பச்சை கோமெசி அங்கியைக் கட்டிக்கொண்டு, திருமண வீட்டுக்கு வருகிற மாதிரி வருவாள். பஸ் காசும் கோழிக் குழம்போடு மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும். நோயின் பெயரை மட்டும் அவள் வாய் திறந்து சொல்லக்கூடாது.

"என் நெஞ்ச வச்சு எத்தன பேரு பாஸாயிட்டீங்க! அதச் சரி பண்ண மட்டும் ஒருத்தருக்கும் நேரமில்ல" என்பாள். டாக்டர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலைநகரத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து இதய ஆபரேஷன் குழு வரும். அவள் பெயரை அனுப்ப வேண்டியது இதய வார்டில் இருக்கிற டாக்டர்கள். முன்னால் இருந்தவன் அனுப்பியிருப்பான் என்று வந்தவன் நினைத்தான். அடுத்து வருகிறவன் அனுப்புவான் என்று போகிறவன் நினைத்தான்.

இந்தக் கூட்டத்தில் ஒக்விர் ஒருவன்தான் அவளுக்குப் பிடித்தவன். வடக்கத்திப் பையன். எங்கள் பாஷையைக் கடித்துத் துப்புவான். ஆனால் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கிவிட்டுத்தான் அவள் நெஞ்சில் வைப்பான். கேட்டதற்கெல்லாம் "உறுதியாத் தெரியல சார்" என்று சொல்லி ஒருமுறை பரீட்சையில் தோற்றுவிட்டான். இரண்டாம் முறையும் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் மனைவியும், அவன் முகமே சரியாகத் தெரியாத ஒரு குழந்தையும் காத்திருந்தார்கள்.

அந்த வருஷப் பரீட்சைக்குத் தெசிரா வந்தபோது கோமெசி தொளதொளவென்று தொங்கியது. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. ப்ரொஃபசரிடம் சொல்லப் போனேன், கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாய மூடிட்டு இரு சிஸ்டர். அந்தப் பையனுக்கு இன்னைக்குப் பரீட்ச. நான் இல்லேன்னா எவனோ முன்னப்பின்னத் தெரியாத நோயாளியக் குடுத்து அவனக் கவுத்துருவாங்க."

அவனுக்கு முன் இரண்டு பேர் அவளைப் பார்த்தார்கள். இருவரும் அந்த உறுமலைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார்கள். கியிங்கி தலையாட்டினார். மூன்றாவதாக ஒக்விர் வந்தான். அவளை ஒருக்களிக்க வைத்துக் கேட்டான். மறுபடி கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் சொல்றதையே சொல்லிருடா தம்பி" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"நியாபோ" என்று எங்கள் பாஷையில் மரியாதையாகக் கூப்பிட்டான். "மாடிப்படி ஏறும்போது எங்கயாவது உக்காந்தீங்களா?"

அவள் வீங்கிய பாதத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பரீட்சகர்கள் வந்தார்கள். நெஞ்சில் என்ன கேட்டது என்றார் கியிங்கி.

"அந்த உறுமல் கேக்கல சார்."

"கேக்கலையா? இந்தம்மா நெஞ்சு உறுமுறது எங்க வாட்ச்மேனுக்கே தெரியுமேய்யா!"

"முன்னாடி கேட்டிருக்கேன் சார். இன்னைக்கு இல்ல. வால்வு சரியானதால நிக்கல, உறுமுற அளவுக்கு அது வழியா ரத்தமே ஓடல. இவங்கள உடனே அட்மிட் பண்ணணும். மார்க்க அப்புறம் பாத்துக்கலாம்."

உறுதியாகத் தெரியவில்லை என்று இந்த முறை அவன் சொல்லவில்லை. கியிங்கி தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். அவருக்கும் அந்த உறுமல் கேட்கவில்லை. முன்னால் வந்த இருவரும் இல்லாத சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். தலையாட்டியவர் அவர்.

உடனே கட்டிலில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தோம். ஒக்விர் தேறிவிட்டான் என்று நான் சொன்னபோது அவளால் முழுதாக ஒரு வாக்கியம் பேச முடியவில்லை. மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னாள்.

"கேக்கலன்னு சொன்னதுக்கா... பாஸ் போட்டாங்க? அப்ப என் செவிட்டு மாமியாருக்கும்... ஒரு பட்டம் குடுங்க."

தலைநகரத்துக்குக் கொண்டுபோக வண்டிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனாள். ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

மாதக் கடைசியில் இறந்தவர்களைப் பற்றிய கூட்டம் நடக்கும். அதில் எழுந்து பேச வேண்டியவன் முதல் வருஷக்காரன். அன்று, படிப்பு முடிந்து ஊருக்குப் போயிருக்க வேண்டிய ஒக்விர் எழுந்தான். வருஷம் வருஷமாகச் சொன்னான்: இன்ன வருஷம் இத்தனை பேர் தெசிராவிடம் படித்தோம், பெயரை யாரும் அனுப்பவில்லை. அடுத்த வருஷம் இத்தனை பேர், அனுப்பவில்லை. "இந்த வருஷத்துல நானும் இருந்தேன்" என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். முன்வரிசையில் கியிங்கி தலை நிமிரவே இல்லை.

ஒக்விர் ஊருக்குப் போகவில்லை. மனைவியையும் குழந்தையையும் இங்கே வரவழைத்துக்கொண்டு, எங்கள் வார்டிலேயே சொல்லிக்கொடுப்பவனாகச் சேர்ந்தான்.

அடுத்த பரீட்சை நெருங்கியது. பள்ளிக்கூடம் போகிற கெசியா என்ற பெண் வார்டில் இருந்தாள். தெசிராவுக்கு இருந்த அதே வால்வு, அதே உறுமல். கியிங்கிக்கு முகம் மலர்ந்தது.

"பரீட்சைக்கு இந்தப் பொண்ண வச்சுக்கலாம்."

"திங்கட்கிழமை ஆபரேஷனுக்குப் போறா சார். குழு வந்திருக்கு, பேர அனுப்பிட்டேன்."

"பரீட்ச முடிஞ்சு போகட்டுமே ஒக்விர். கொஞ்ச நாள்தானே?"

"வேண்டாம் சார்."

கியிங்கி சரி என்று தலையாட்டினார்.

ஒக்விர் முதல் வருஷப் பிள்ளைகளைக் கட்டிலருகே கூப்பிட்டான். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி முதல் பையனிடம் கொடுத்தான்.

"நல்லாக் கேட்டுக்கங்க. அடுத்த வருஷம் இந்தப் பொண்ணு நெஞ்சுல இது இருக்கக் கூடாது."