புத்தூர்ப் பள்ளியில் கத்திய எஞ்சின்

பேரன் வாங்கி வந்த பொம்மை நீராவி எஞ்சினில் எண்ணெய் சூடேறும் வாசனை வந்ததும் எனக்குப் பழைய கோபம் மூண்டது.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று சண்டை நடந்த காலம். ரேணிகுண்டா ரயில் ஷெட்டில் வேலை பார்த்த என் நைனா, பித்தளையில் எனக்கு அப்படி ஒரு எஞ்சின் செய்து கொடுத்திருந்தார். புத்தூர்ப் பள்ளிக் கண்காட்சியில் அது ஓடும் விதத்தைத் தமிழில் விளக்கினேன். பார்வையிட வந்த அதிகாரி, "தெலுகுலோ செப்பு" என்று அதட்டினார். மறுபடியும் தமிழிலேயே சொன்னேன். மெட்ராசுக்கே எடுத்துப் போகச் சொல்லி, எஞ்சினை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

நைனா வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன்.

"உனக்குதான் தெலுங்கு வருமே, சொல்றதுக்கு இன்னா?"

"வரும் நைனா. தமிழ்ல பேசினா தப்பா?"

அதிகாரி மேடையேறிப் பேசத் தொடங்கியபோது நைனா எஞ்சினை வெளியே இழுத்து, அதன் அடியிலிருந்த சிறு விளக்கைப் பற்றவைத்து, ஆவி ஏறியதும் விசிலைத் திறந்துவிட்டார். பேச்சு ஒருவருக்கும் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லித் தலைமை ஆசிரியர் ஓடி வந்தார்.

"தண்ணி தீர்ற வரைக்கும் கத்திக்கினுதான் இருக்கும் சார்," என்றார் நைனா.

என் முகம் ஏன் சிவந்திருக்கிறது என்று பேரன் கேட்டான். நடந்ததை எல்லாம் தெலுங்கில்தான் சொன்னேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. அவன் படிக்கும் பள்ளியில் தமிழே இல்லை.