உயிரோடு இருந்தவருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் நான் வேலை செய்யும் இடத்தில் நடந்தது இது. இடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஒரே ஓர் அறை, சில கம்ப்யூட்டர்கள். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்ட் சத்தம், மூடினால் கீழே கொத்து ரொட்டி போடுகிற சத்தம். எங்கள் முதலாளியின் குடும்பம் இதே டவுனில் காலகாலமாகத் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். இவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டார். வெளிநாட்டுக்காரர்களுடைய வெப்சைட்டுகளைப் பராமரிக்கிற வேலையை எடுத்து, எங்களைப் போன்ற பெண்களை வைத்துச் செய்கிறார். நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன்.

என் பொறுப்பில் இருந்தது கொஞ்சம் வித்தியாசமான வெப்சைட். இங்கிலாந்தில், நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் சங்கத்துடையது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பக்கம் இருக்கும். அதில் யார் யார் வேலை செய்தார்கள், அவர்களுடைய பழைய படங்கள், அவர்கள் எழுதி அனுப்பிய கதைகள் எல்லாம் இருக்கும். மங்கிப்போன படங்களைச் சரிசெய்து போடுவேன். பழைய கூட்டாளிகளைத் தேடுகிறவர்களின் செய்திகளை ஏற்றுவேன். யாராவது இறந்துவிட்டதாகச் சங்கத்திலிருந்து தகவல் வந்தால், அவர் பெயரை நினைவுப் பக்கத்துக்கு மாற்றி, பக்கத்தில் சின்னதாக ஒரு மெழுகுவர்த்திப் படம் வைப்பேன். எல்லோருமே எண்பது வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். மெழுகுவர்த்தி வைக்காத மாதமே இருக்காது.

கடலையே நான் வாழ்க்கையில் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதர்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க ஒரு பிடிப்பு வந்துவிட்டது. வாரக்கணக்கில் வெயிலே பார்க்க மாட்டார்களாம். ஒருவர் வேலைக்கு எழுந்துபோனதும் அதே சூட்டோடு இன்னொருவர் அந்தப் படுக்கையில் வந்து படுப்பாராம். யாருக்கு எப்போது கோபம் வரும், யார் தூக்கத்தில் உளறுவார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியுமாம். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் ஆறு பேரோடு வளர்ந்த எனக்கு அதைத் தனியாக யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்களில் ஒருவருடைய எழுத்துக்காக நான் காத்திருப்பேன். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அதே கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்த அவருடைய நெருங்கிய கூட்டாளியின் பெயர், நாங்கள் இந்த வேலையை எடுப்பதற்கு முன்பே நினைவுப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில், அந்தக் கூட்டாளியின் பிறந்தநாளன்று, சமையல்காரர் அங்கே நாலு வரி எழுதுவார். பெரிய துக்கமெல்லாம் இருக்காது. தக்காளி நட்டேன், இந்த வருடமும் சரியாகக் காய்க்கவில்லை என்பார். நாய் செத்துப்போனது, வேறு நாய் வளர்க்க மனம் இல்லை என்பார். ஒரு வருடம் மட்டும், மனைவி போய்விட்டாள், இனி உன்னோடுதான் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார். பழைய வருடத்து வரிகளையும் தேடிப் படித்திருக்கிறேன். என் சொந்தக்காரர் ஒருவரைப் போல ஆகிவிட்டார்.

அந்த ஐப்பசியில், பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முந்தி, ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு பெண் எழுதினார். தன் அப்பாவுக்குப் பார்வை குறைந்துவிட்டதால் பழைய படங்களைப் பெரிதாக்கிக் காட்டலாம் என்று எங்கள் வெப்சைட்டைத் திறந்திருக்கிறார். அங்கே அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி. அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம். தயவுசெய்து திருத்திவிடுங்கள், அவர் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தார். அந்த அப்பா வேறு யாருமில்லை, சமையல்காரர் வருடாவருடம் எழுதிக்கொண்டிருந்த அதே இன்ஜின்காரர்.

பழைய தகவல்களைத் தோண்டிப் பார்த்தேன். வேறொரு கப்பலில் இதே பெயருள்ள ஒருவர் இருந்திருக்கிறார். இறந்தவர் அவர். எங்களுக்கு முன்னால் வேலை செய்த யாரோ பெயரைப் பார்த்து ஆளை மாற்றிவிட்டார்கள். படம் அனுப்பச் சொல்லி, சங்கத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே காது, அதே தாடை. பெயரை நினைவுப் பக்கத்திலிருந்து நீக்கி மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டேன். மௌஸில் ஒரே ஒரு தட்டு, போய்விட்டது. ஆனால் கடலோரத்து ஊரில் தனியாக இருக்கும் அந்தச் சமையல்காரரின் மனதிலிருந்து அதை யார் எடுப்பது?

அவர் எழுதிய வரிகளையெல்லாம் மகளுக்கு அனுப்பினேன். அவர் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். சிரித்த மனிதர் அன்று சாப்பிடவில்லையாம். வடக்கே வீடு மாறியபோது முகவரி எழுதிய அட்டை போட்டேன், பதில் வரவில்லை, என்மேல் ஏதோ கோபம் என்று விட்டுவிட்டேன் என்றாராம்.

முதலாளியிடம் சொன்னேன். சமையல்காரருடைய டெலிபோன் நம்பர் எங்களிடம் இருந்தது, ஆனால் சங்க உறுப்பினர்களோடு நாங்கள் நேராகப் பேசக்கூடாது, அவர்கள் நம்பரை யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்பது ஒப்பந்தம்.

"நமக்குச் சொன்ன வேலைய மட்டும் பாருங்க தங்கச்சி," என்றார். "சங்கத்துச் செயலாளருக்கு எழுதுவோம். அவங்க சொல்லட்டும். வயசு போன மனுசன், திடீர்னு இப்படிச் சொல்லி நெஞ்ச புடிச்சுக்கிட்டு உழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். செயலாளருக்கு எழுதினோம். அவர் லீவில் இருப்பதாகத் தானாக ஒரு பதில் மட்டும் வந்தது. வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, கொழுந்து பறித்து வெடித்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உசுரோட இருக்குற ஆள நெனச்சு ஒரு மனுசன் வருசா வருசம் அழுவுறாரு. தெரிஞ்சும் நீங்க பேசாம இருக்கீங்களா?" என்றார்.

பிறந்தநாளன்று காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். நினைவுப் பக்கத்தில் கூட்டாளியின் பெயர் இல்லாததால் சமையல்காரர் இரவே பொதுச் செய்திகளில் எழுதியிருந்தார். உன் பெயரைக் காணவில்லை, கிழவனுக்குக் கம்ப்யூட்டர் சரிவரவில்லை போல என்று தொடங்கியிருந்தார். திங்கட்கிழமை வயிற்றில் ஆபரேஷன். டாக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இதுதான் கடைசியாக இருக்கலாம். சீக்கிரம் வந்துவிடுவேன், எனக்கு ஒரு படுக்கை பிடித்து வை, கூட்டாளி. அவ்வளவுதான்.

எழுந்துபோய் முதலாளியைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தன் ஃபோனை என் மேசையில் வைத்தார்.

"இப்ப அங்க விடிஞ்சிருக்கும். எடுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். யாராவது கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

என்ன பேசுவது என்று மனதுக்குள் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டே நம்பரை அடித்தேன். எடுத்தார். இலங்கையிலிருந்து பேசுகிறேன், உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். "எனக்கு ஒன்றும் வேண்டாம்," என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார். அங்கே வயதானவர்களுக்கு இப்படித்தான் ஃபோன் எடுத்து ஏமாற்றுகிறார்களாம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாவது தடவை அவர் எடுத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டேன்: "இந்த வருடம் தக்காளி காய்த்ததா?"

இந்தத் தடவை அவர் வைக்கவில்லை. பிறகு மெதுவாக, "யார் நீ?" என்றார்.

நீங்கள் வருடாவருடம் எழுதுகிறதை வெப்சைட்டில் ஏற்றுகிற பெண் நான்தான் என்றேன். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும், நடந்த தவறை ஒன்றொன்றாகச் சொன்னேன். உங்கள் கூட்டாளி உயிரோடு இருக்கிறார் என்றேன்.

அவர் நம்பவில்லை. கோபம்கூடப் படவில்லை. "மகளே, கிழவர்களிடம் இந்த மாதிரி விளையாடக்கூடாது," என்றார். அது அடி விழுந்ததுபோல் இருந்தது.

அப்போது முதலாளி என் ஃபோனைக் கையில் எடுத்து, ஸ்கொட்லாந்து மகளின் நம்பரைக் காட்டி, கூப்பிடட்டுமா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். மழையில் கரண்ட் போய் இன்டர்நெட் பெட்டியும் நின்றுபோயிருந்தது. இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் இணைப்பதற்கு எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. மகள் எடுத்ததும், அப்பாவிடம் கொடுக்கச் சொன்னோம். இரண்டு ஃபோனையும் ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றின் வாய் மற்றதன் காதில் படும்படி மேசையில் எதிரெதிராக வைத்தார் முதலாளி. நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சமையல்காரர் "ஹலோ" என்றார். ஸ்கொட்லாந்தில் ஒரு கனைப்புச் சத்தம். பிறகு கரகரத்த குரலில் ஒரு கேள்வி:

"என்னப்பா, டீ வருமா வராதா?"

கப்பலில் வேலை முடிந்து வந்ததும் இன்ஜின்காரர் சமையல் அறைக்குள் தலையை நீட்டி அப்படித்தான் கேட்பாராம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் எங்களுக்குக் கேட்டது, ஒரு வயதான மனிதர் வாய்விட்டு அழுகிற சத்தம் மட்டும்தான். இன்ஜின்காரர் அவரை அழட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சமையல்காரர் அவர் பெயரைச் சொன்னார். பெயரை மட்டுமே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே கொத்து போட ஆரம்பித்துவிட்டார்கள். ரொட்டியைக் கொத்துகிற இரும்புத் தகடு இரண்டும் கல்லில் டக்கடக்கென்று அடிக்கிற சத்தத்தில், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் படியில் இறங்கி ஓடினார். "அண்ணே, கொஞ்ச நேரம் கொத்தாம இருங்க, மேல ரெண்டு பெரியவங்க பேசிக்கிட்டு இருக்காங்க," என்று அவர் கெஞ்சுவது எங்களுக்கே கேட்டது. சத்தம் நின்றது. என்ன அங்கே, இன்ஜினைக் கழற்றுகிறார்களா என்று இன்ஜின்காரர் கேட்டார். சமையல்காரர் முதல் தடவையாகச் சிரித்தார்.

பிறகு அவர்கள் பேசியது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தப் புயலில் சூப்பு கொட்டியது, அதைக் கொட்டியது யார் என்று சண்டை போட்டார்கள். அந்த அட்டை தன் கைக்கு வரவேயில்லை என்பதையும் மனைவி இறந்ததையும் சமையல்காரர் சொன்னார். ஆபரேஷன் பற்றிச் சொன்னபோது, இன்ஜின்காரர், "உனக்குப் படுக்கை எல்லாம் பிடித்து வைக்க முடியாது, நானே இன்னும் போகவில்லை," என்றார். முதலாளியின் கை மரத்துப்போயிருக்க வேண்டும். நான் பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமையே மகள் அப்பாவை ரயிலில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆபரேஷனுக்கு முன் எடுத்த படம் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவர், பக்கத்து நாற்காலியில் ஒருவர், நடுவில் இரண்டு கோப்பை டீ. சமையல்காரர் பிழைத்துவிட்டார். அடுத்த கோடை வரை இருந்தார். தக்காளி நடுகிறபோது இன்ஜின்காரரும் போய்ப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தாராம். சமையல்காரர் இறந்த தகவல் வந்தபோது, சங்கத்துச் செயலாளர் எனக்குத் தனியாக எழுதினார். விதியை மீறிப் பேசியதற்கு முதலில் கடுமையாகக் கண்டித்தவர் அவர்தான். இப்போது, யாருடைய பெயரை மாற்றுவதானாலும் முதலில் குடும்பத்தாரிடம் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அவரே விதியை மாற்றியிருந்தார். அந்தப் பேசுகிற வேலையையும் எனக்கே கொடுத்தார்.

எங்கள் தோட்டத்திலிருந்தும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய், தொடர்பு விட்டுப்போனவர்கள் எத்தனையோ பேர். கோபமாக இருக்கும், மறந்திருப்பார்கள், இருக்கிறார்களோ இல்லையோ என்று நாமே ஒரு முடிவுக்கு வந்து விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அன்றைக்குப் பிறகு, யாரைப் பற்றியாவது அப்படி ஓர் எண்ணம் வரும்போதெல்லாம், சங்கடமாக இருந்தாலும் நம்பரைத் தேடி எடுத்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் யாராவது எடுத்து "ஹலோ" என்று சொல்லும்போது எனக்கு வருகிற நிம்மதியை, நேரில் பார்த்திராத அந்த இரண்டு பெரியவர்கள்தான் எனக்குக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.