பொகோட்டா போகும் வழியில் கேட்டி

1999 ஜூலை, ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு, இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினில் என் வீட்டு வாசலுக்கு டாக்ஸி வந்தது. நியூவார்க் விமான நிலையம் பதினைந்து மைல். முப்பது டாலர் என்று பேசியிருந்தேன். ஓட்டுநர் ஜலந்தர்க்காரர். பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டே எங்கே பயணம் என்று கேட்டார். இன்றைக்கு ஹூஸ்டன், திங்கட்கிழமை அங்கிருந்து கொலம்பியா என்றேன்.

"கொலம்பியாவா? அங்கே பிளேன் மலையில போய் இடிக்குமாமே, சாப்?" என்றார் இந்தியில்.

இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் என் வாய் சும்மா இருக்காது. விமான விபத்துகளை அக்கக்காகப் பிரித்து, எங்கே தப்பு நடந்தது என்று பார்ப்பதுதான் பத்து வருடமாக என் பிழைப்பு. பொகோட்டாவில் விமானிகளுக்கு இரண்டு நாள் வகுப்பெடுக்கத்தான் எங்கள் சின்ன நிறுவனம் என்னை அனுப்புகிறது. அதனால் ஓக் ட்ரீ ரோடு தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். மலை யாரையும் தேடி வந்து இடிப்பதில்லை. 1995 டிசம்பரில், கொலம்பியாவின் காலி நகரத்தில் இறங்க வேண்டிய விமானம் தாமதமாக வந்துகொண்டிருந்தது. சுற்றி வராமல் நேரே இறங்கலாம் என்று கீழே கட்டுப்பாட்டு அறையில் சொன்னதும் விமானிகள் சரி என்று சொல்லிவிட்டு அவசர அவசரமாகத் தயாரானார்கள். அடுத்த வழிகாட்டி நிலையத்துக்காகக் கம்ப்யூட்டரில் 'ஆர்' என்று ஒற்றை எழுத்தை அடித்தார்கள். அவர்கள் மனதில் இருந்தது காலிக்குப் பக்கத்து நிலையம். கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது பொகோட்டா பக்கத்து நிலையத்தை. விமானமும் சமர்த்தாக இடப்பக்கம் திரும்பி மலைகளுக்குள் போயிற்று. கடைசியில் எச்சரிக்கை ஒலித்து மேலே ஏற்றியபோது, வேகத்தைக் குறைக்க இறக்கைமேல் விரித்து வைத்திருந்த தடுப்புகளை மடக்க மறந்துவிட்டார்கள். நான்கு பேர்தான் பிழைத்தார்கள்.

ஓட்டுநர் வண்டியை ஹைவேயில் ஏற்றினார். பிறகு, "நான் எக்ஸிட்டை விட்டுட்டா அடுத்த எக்ஸிட்ல திரும்பிக்குவேன். பாவம், அவங்களுக்கு அது இல்ல" என்றார். என் வகுப்பில் இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை. ஐந்து டாலர் சேர்த்துக் கொடுத்தேன்.

நாலு மணி நேரம் பறந்து, கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளி, பகல் பன்னிரண்டுக்கு ஹூஸ்டனில் இறங்கினேன். துரைசாமி வாயிலிலேயே நின்றிருந்தான். கோயமுத்தூரில் என்னோடு இன்ஜினியரிங் படித்தவன். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரன், இங்கே எண்ணெய்க் கம்பெனி வேலை. என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

"விடுடா, சக்கரம் இருக்குது" என்றேன்.

"அட, சும்மா வா. கெஸ்ட்டு கையில பொட்டியக் குடுத்துட்டுப் போனா மல்லிகா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

பார்க்கிங்கில் கார் வரைக்கும் போவதற்குள் இரண்டு தடவை நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஹூஸ்டன் ஜூலையில் யாருக்குத்தான் வேர்க்காது? இட்லிப் பானையைத் திறந்து முகத்தைக் காட்டியது போன்ற வெக்கை. எனக்கும் சட்டை ஒட்டிக்கொண்டது.

ஃப்ரீவேயில் முப்பது மைல் ஓட்டி ஹில்க்ராஃப்டுக்கு அழைத்துப்போனான். புடவைக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று நம் ஐசலினுக்குச் சளைக்காத தெரு. ஆனால் நடந்து சுற்ற முடியாது, ஒவ்வொரு கடைக்கும் காரை எடுக்க வேண்டும். அங்கிருந்த ஹோட்டலின் ஆறு டாலர் சாப்பாட்டில் எனக்குக் குறையொன்றுமில்லை. துரை தயிர்சாதத்தை மட்டும் பிசைந்துகொண்டிருந்தான்.

"ரெண்டு நாளா கேஸ் ட்ரபிள்டா. இங்கெல்லாம் கொஞ்சம் புடிச்ச மாதிரி இருக்குது" என்று நெஞ்சைத் தடவினான். மளிகைக்கடையில் ஓம வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிக் காரிலேயே பாதியைக் குடித்தான். ஏசி எனக்குக் குளிரும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் காலர் மட்டும் நனைந்தே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தேன்.

மாலை நான்கு மணி. கேட்டி. ஹூஸ்டனுக்கு மேற்கே, ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கும் ஊர். "வாங்கண்ணா" என்று துரையின் மனைவி மல்லிகா வெங்காய போண்டாவோடு வரவேற்றாள். பொகோட்டாவில் அப்படி என்னதான் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டாள். கேட்க வேண்டுமா! சட்னியைத் தொட்டுக்கொண்டே 1990 ஜனவரிக்குப் போனேன்.

கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த விமானம் அது. மோசமான வானிலை. இறங்க வேண்டிய விமானங்கள் எல்லாம் வானத்தில் வரிசை கட்டிச் சுற்றிக்கொண்டிருந்தன. இதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றியது. எரிபொருள் குறைகிறது, முன்னுரிமை கொடுங்கள் என்று துணை விமானி கீழே சொன்னார். ஒரு முறை இறங்கப் பார்த்து முடியாமல் மேலே போனார்கள். அப்போது, எமர்ஜென்சி என்று சொல் என்றார் தலைமை விமானி. துணை விமானியோ எரிபொருள் தீர்கிறது என்று மட்டும் சொன்னார். இன்னும் கொஞ்சம் சுற்றி வாருங்கள், எரிபொருள் போதும்தானே என்று கீழேயிருந்து கேட்டதற்கு, போதுமென்று நினைக்கிறேன், ரொம்ப நன்றி என்றார். சில நிமிடங்களில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லாங் ஐலண்டில் ஒரு மேட்டில் விழுந்தது. தீப்பிடிக்கவில்லை. பற்றி எரிய உள்ளே எரிபொருள் இல்லை.

"எமர்ஜென்சின்னு அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா?" என்றாள் மல்லிகா.

"மத்த பிளேனையெல்லாம் நிறுத்திட்டு இவங்கள இறக்கியிருப்பாங்க. இங்கிலீஷ் பத்தலம்மா, அவ்வளவுதான் காரணம்" என்றேன். வகுப்பில் நான் சொல்ல வைத்திருந்த முதல் வாக்கியமும் அதுதான்.

சோபாவில் சாய்ந்திருந்த துரை தலையை ஆட்டினான். "இங்கிலீஷ் இல்லடா. அத்தன பேரு லைன்ல நிக்கறப்ப எனக்கு மட்டும் முதல்ல வழி விடுன்னு எப்படிடா கேக்கறது? கூச்சமா இருக்காது?" சொல்லிவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

மல்லிகா போனை எடுத்தாள். தெரிந்த டாக்டர், தமிழர், நாலு தெரு தள்ளி இருப்பவர். "டாக்டர், மல்லிகா பேசறனுங்க. லீவு நாள்ல டிஸ்டர்ப் பண்றேன், சாரிங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க. அவருக்குக் கேஸ் மாதிரி இருக்குதுன்னு சொல்றாரு... ஆமாங்க, லேசாத்தானுங்க... மண்டே கூட்டிட்டு வரட்டுங்களா?"

கையில் இருந்த போண்டாவைத் தட்டில் வைத்தேன். இந்தப் பேச்சின் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். பத்து வருடமாக இதைப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகாவே பேச்சை நிறுத்தியிருந்தாள். புருஷனைப் பார்த்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவன் ஒரு கையை ஆட்டினான். இன்னொரு கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது.

"வெச்சிடறனுங்க டாக்டர்" என்று துண்டித்துவிட்டு 911 அடித்தாள். "எமர்ஜென்சி. மை ஹஸ்பெண்ட். ஹார்ட் அட்டாக்." விலாசத்தை இரண்டு முறை சொன்னாள்.

"ஹார்ட் அட்டாக்னு உனக்கு யாரு சொன்னா? கெஸ்ட்டு வந்திருக்கறப்ப ஆம்புலன்ஸ் வந்து நின்னா தெருவே வேடிக்கை பாக்கும். அவங்க வந்து ஒண்ணுமில்லைன்னுட்டா அசிங்கமாப் போயிரும். நானே டிரைவ் பண்றேன்."

"அசிங்கமானா நான் பட்டுக்கறேன். நீங்க உக்காருங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. தெரு வேடிக்கை பார்த்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றியவர்களிடம் துரை, தொந்தரவுக்கு மன்னியுங்கள், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மல்லிகா அவர்களோடு ஏறிக்கொண்டாள். நான் அவன் காரில் பின்னால் போனேன்.

பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தது. உடனே உள்ளே கொண்டுபோய் பலூன் விட்டுத் திறந்தார்கள். வெளியே வந்த இதய டாக்டர், தாமதிக்காமல் கூப்பிட்டது யார் என்று கேட்டார். நான் மல்லிகாவைக் காட்டி, முதலில் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம் என்றேன். திங்கட்கிழமை வரை பொறுத்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து மேலே சொல்லவில்லை.

ஞாயிறு முழுக்க அந்தக் காத்திருப்பு அறையில் இருந்தேன். தானியங்கிக் காபி எழுபத்தைந்து காசு, வாயில் வைக்க முடியாது. வகுப்புக்கு வைத்திருந்த முதல் வாக்கியத்தை அங்கேதான் மாற்றினேன். இருபது வருடமாக மீட்டிங் மீட்டிங்காக ஆங்கிலத்தில் வாதாடும் துரைக்கு எந்த மொழி போதவில்லை? நியூயார்க் விபத்தின் விசாரணை அறிக்கையை நான்தான் தலைகீழாக ஒப்பிப்பேன். அந்த விமானியின் மனசு மட்டும் கோபிக்காரனுக்குத்தான் தெரிந்திருந்தது. பொகோட்டாவில் இதைச் சொல்வேன். அங்கே விமானிகள் வீட்டிலும் விருந்தாளிக்கு முன்னால் யாருக்கும் எதுவும் வலிக்காது என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை. விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் விடைபெற்றேன். துரை வெளுத்திருந்தான், ஆனாலும் உன்னை ஏர்போர்ட்டில் விட முடியாமல் போச்சே என்று வருத்தப்பட்டான். அப்போது நர்ஸ் வந்தாள். ஒன்றிலிருந்து பத்துக்குள், இப்போது வலி எவ்வளவு என்று கேட்டாள்.

துரை புன்னகையோடு, "டூ" என்றான்.

கட்டில் பக்கத்தில் நின்ற மல்லிகா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செவன்" என்றாள் நர்ஸிடம்.

"பாருடா, இவ எப்பவும் கூட்டித்தான் சொல்லுவா" என்றான் என்னிடம்.

"இனிமே அப்படித்தான் சொல்லுவனுங்க" என்றாள் மல்லிகா.

நர்ஸ் இருவரையும் ஒரு நொடி பார்த்தாள். ஏழு என்றே குறித்துக்கொண்டு, ஊசி மருந்து எடுத்துவரப் போனாள். துரை கண்ணை மூடிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை.