இடதுகைப் பிடி

ஓணம் வந்தால் எங்கள் ஆபீசில் பூக்களம், இலைச் சாப்பாடு, அப்புறம் விளையாட்டு. ஆண்களுக்கு வடம் இழுப்பது. பெண்களுக்கு ஸ்பூனில் எலுமிச்சம்பழம், நாற்காலியைச் சுற்றி ஓட்டம். இந்த வருஷம் நான் வாயைத் திறந்தேன். "கபடி வைக்கலாமே?" பக்கத்து சீட்டுப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சேச்சி, எல்லு பொட்டும்!" எலும்பு உடைந்துவிடுமாம். உடைந்தால் என் எலும்புதானே, உனக்கென்ன போச்சு என்று கேட்க நாக்கு துடித்தது. ஸ்பூனை வாயில் கவ்விக்கொண்டு எலுமிச்சம்பழத்தோடு நடந்தேன். அதையும் கீழே போட்டேன்.

சாயங்காலம் தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்குக் கபடி வேண்டும். கபடிகூட இல்லை, என் இடதுகையை ஒருத்தி பிடித்திருப்பாளே, அது வேண்டும்.

ஹைஸ்கூலில் நான் பள்ளி டீமில் இருந்தேன். எதிரணிப் பெண் பாடி வரும்போது நாங்கள் கை கோத்து நிற்போம். என் இடதுகை எப்போதும் கேப்டன் கையில். அவளுக்கு மலைப்பக்கம் வித்துரா ஊர், படிப்புக்காக இங்கே டவுனில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு தடவை அழுத்தினால் பாய வேண்டும். இரண்டு தடவை அழுத்தினால் பொறுக்க வேண்டும். மண்ணும் வியர்வையுமாகப் பிசுபிசுத்த அந்தக் கையை நான் துடைத்துக்கொண்டதே இல்லை.

ஆனால் ஆட்டத்தை நான் கற்றது சாலைக் கடைத்தெருவில். அப்பாவின் மொத்தக்கடைக்குப் பின்னால் காலிச் சாக்குகளை விரித்து, சித்தப்பா பையன்களோடு புரண்டேன். "ஏட்டி, முட்டியெல்லாம் தோலு உரிஞ்சு கெடக்கு, உன்னைய எவன் கட்டுவான்?" என்பாள் அம்மா. நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வியாபாரத்துக்கு இங்கே வந்த ஆட்கள். எங்களுக்கு அது சடுகுடு. பாடிக்கொண்டு போவதும் "சடுகுடு, சடுகுடு"தான். பள்ளி மேட்சிலோ "கபடி, கபடி" என்றுதான் பாட வேண்டும், மாற்றினால் எதிரணிக்குப் பாயிண்ட். பிராக்டீசில் நான் ஒருநாளும் தவறியதில்லை.

பத்தாம் வகுப்பில் ஜில்லா பைனல். இரு பக்கமும் சரிசமம். கடைசியாகப் பாடிப் போனவள் நான். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். என் கணுக்காலில் இரண்டு பேர் விழுந்தார்கள். மூச்சு முட்டியது, கோடு இதோ இருந்தது, என் வாயிலிருந்து வந்தது சடுகுடு. எனக்கே தெரியவில்லை. கோட்டைத் தொட்டு, ஜெயித்துவிட்டோம் என்று குதித்தேன். அம்பயர் விசிலோடு எதிர்ப் பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தார்.

குழாயடியில் நின்று அழுதேன். இனி ஒருத்தியும் என்னோடு பேசமாட்டாள் என்றே நினைத்தேன். கேப்டன் வந்தாள். அவள் முகமும் அழுது வீங்கியிருந்தது. "கரயண்டா. விசக்குந்நு, வா." அழாதே, பசிக்கிறது, வா. அவ்வளவுதான். என் இடதுகையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஏறியதும் அவளே ஆரம்பித்தாள், சடுகுடு, சடுகுடு என்று. பின்னாலேயே டீம் முழுக்கப் பாடியது. மலையாள நாக்கில் அது எப்படியெப்படியோ புரண்டு வந்தது. கண்டக்டர் அதட்டினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

விளையாட்டின் பயன்கள் என்று கட்டுரை எழுதச் சொன்னால் உடல் உறுதி, ஒழுக்கம், குழு உணர்வு என்று எல்லாரும் எழுதுவார்கள். நானும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தப் பஸ்ஸைப் பற்றி எழுதவில்லை. என்னால் தோற்றவர்கள் என் பாட்டைப் பாடினார்கள், ஐயா! அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையில் தோற்றாலும், எந்த ஆபீசில் திட்டு வாங்கினாலும் எனக்குச் சோறு இறங்கியது. ஆனால் பள்ளி முடிந்தபின் என் கையை அப்படி யார் பிடித்தார்கள்? கல்யாணத்தன்று ஒரு தடவை, அதுவும் புரோகிதர் சொல்லி.

கேப்டன் இப்போது துபாயில் நர்ஸ். லீவில் வந்தால் வித்துராவில் வீட்டு வேலை, கல்யாணங்கள், அம்மாவின் மருந்து மாத்திரை. என்னை வந்து பார்ப்பாள். சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்போம். கிளம்பிவிடுவாள்.

அன்று சாயங்காலம் தம்பானூர் பஸ் ஸ்டாப்பிலிருந்தே அவளைப் போனில் கூப்பிட்டேன். எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். திடீரென்று பாட ஆரம்பித்தாள்.

"சடுகுடு, சடுகுடு, சடுகுடு, சடுகுடு..."

கொஞ்ச நேரத்திலேயே மூச்சு அறுந்தது. இவ்வளவுதானா உன் மூச்சு என்று கேட்டேன்.

"நீ பிடிச்சிட்டல்லே!" என்றாள். நான் பிடித்ததால்தான் மூச்சு போயிற்றாம்.

நான் எங்கே பிடித்தேன்? என் கையில் போன்தான் இருந்தது. பிடித்திருந்தால் விட்டிருப்பேனா?