ஏழரை மணி வரை நேற்று

பஸ் பணிமனையில் அவருக்குக் ‘காது’ என்று பெயர். ஓட்டுநர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, “என்னமோ சத்தம் வருதுண்ணே” என்பார்கள். அவர் இன்ஜினைத் திறக்கமாட்டார். தலையைச் சாய்த்து அரை நிமிடம் கேட்டுவிட்டு, இன்ன பேரிங் போச்சு என்பார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். தப்பிப்போகும் அந்த ஒன்றுக்கு, வண்டியைக் கொண்டுவந்தவன் திட்டு வாங்குவான்.

வீட்டிலும் ஒரு சத்தம் உண்டு. நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவியின் நெஞ்சுக்குள் பதினெட்டு வருடமாக ஒரு செயற்கை வால்வு டிக் டிக்கென்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் சொந்த வால்வைக் கெடுத்துவிட்டதால் வைத்தது. படிப்பறையில் யாராவது தலைதூக்கிச் சுவர்க் கடிகாரத்தைத் தேடினால், அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே நாலு மேசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். இவரோ அந்தச் சத்தம் இருந்தால்தான் தூங்குவார்.

வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும், ஆயுள் முழுக்க. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் ரத்தம் நிற்காது. ஒருமுறை மறதியில் தொடர்ந்து சில நாள் இரண்டிரண்டாகப் போட்டு, மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாள். அதன்பிறகு இவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரை சாயங்காலம் ஏழரை மணிக்கு. போட்டதும் தேதிக் காலண்டரில் தாளைக் கிழிக்க வேண்டும். தாள் கிழிந்திருந்தால் மாத்திரை உள்ளே போயாயிற்று, அப்புறம் தொடக்கூடாது. ஊரெல்லாம் காலையில் தேதி மாறும்; அந்த வீட்டில் மட்டும் மாலை ஏழரை வரை நேற்றுதான். வந்தவர்கள் கேலி செய்தால் இவருக்குப் பெருமை தாங்காது.

கேலி செய்யாத ஒருவர் வந்ததுதான் வினையாகப் போயிற்று. மனைவியின் அண்ணன், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர், கண் ஆபரேஷனுக்காக வந்து தங்கினார். சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம். செருப்பு கோணலாகக் கிடந்தால்கூடப் பொறுக்காது. எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே கொஞ்சம் பயம். விடியற்காலையில் எழுவார், வாசல் பெருக்குவார், அந்த வீட்டு ஏற்பாட்டை யாரும் சொல்லாததால், நேற்றைய தேதி தொங்குகிறதே என்று தாளையும் கிழித்துவிடுவார். சாயங்காலம் தங்கை வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டு டீயை நீட்டுவார். அண்ணனும் தங்கையும் பழங்கதை பேசி முடித்து அவள் காலண்டரைப் பார்த்தால், இன்றைய தேதி. போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். ஆயிரக்கணக்கான தடவை செய்த காரியத்தில் இன்று செய்தோமா என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதற்குத்தானே தாள்.

இவருக்கு மாலை ஷிப்ட். காலண்டர் அவள் பொறுப்பு என்று இவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. வீட்டுக்கு வந்ததும், “கிழிச்சாச்சா?” என்பார். “கிழிச்சாச்சு” என்பாள். இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. கூடப் போயிருந்த இவர் பக்கெட்டை வாங்கிக்கொள்ளக் குனிந்தபோது, அந்தச் சத்தத்தில் என்னவோ குறைந்தது. பக்கெட்டைப் போட்டுவிட்டு அவள் முதுகில் காதை வைத்தார்.

“பக்கத்து மாடில பாக்குறாங்க.”

“பாக்கட்டும். பேசாத.”

சத்தம் இருந்தது. ஆனால் துணியைச் சுற்றிக்கொண்டு தட்டுவது போல் அமுங்கியிருந்தது. அப்போதே அவளை ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, வால்வின் இரண்டு இதழில் ஒன்று ரத்தக்கட்டியால் அசையாமல் நிற்கிறது என்றார். “மாத்திரைய நடுவுல விட்டீங்களா?”

“பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் விட்டதில்ல” என்று இவர் சீறினார்.

“ரத்தப் பரிசோதனை அப்படிச் சொல்லலையே சார்.”

மச்சானுக்குப் போன் போட்டு மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். உதிரிப்பாகம் எண்ணிப் பழகிய கை. இருக்க வேண்டியதைவிட ஒன்பது மாத்திரை கூடுதலாக இருந்தது.

“தாள் கிழிஞ்சிருந்துச்சே” என்றார் தனக்குத்தானே.

“காலண்டர்த் தாளா மாப்பிள்ளை? அத நான்தான் தினம் காலைல கிழிச்சேன். பழைய தேதி தொங்குதேன்னு…” சொல்லிக்கொண்டே வந்தவர் இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். இவர் நாற்காலியை விட்டு எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

கட்டியைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள். கரையாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். கரையும்போது ஒரு துணுக்கு மூளைக்குப் போனாலும் ஆள் பேச்சிழந்து போகலாம். அதனால் நர்ஸ் அடிக்கொரு தரம் வந்து, கையைத் தூக்குங்க, சிரிங்க, பேசுங்க என்று சோதித்தாள். ஒவ்வொரு தடவையும் மனைவி வாய் திறக்கும்வரை இவருக்கு உயிர் உயிராக இல்லை. அண்ணன் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார், உள்ளே வரமாட்டார்.

மாலையில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இதழ் அசைய ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. இன்னும் இரண்டு நாள் கவனமாக இருக்க வேண்டும், ஆனால் கத்தி வைக்க வேண்டியிருக்காது.

அவள் அண்ணனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். “டாக்டர் கேட்டாங்க. நானே மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். நீங்க வேற எதையாவது போய் உளறி வைக்காதீங்கண்ணே.”

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆபரேஷன் செய்த கண்ணோடு அழக்கூடாது என்று அவள் அதட்டினாள்.

சுவரோரம் நின்றவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து மனதுக்குள் மச்சானைத் திட்டாத திட்டில்லை. இப்போது திட்ட ஒன்றும் மிச்சமில்லை. ஒன்பது நாளும் தான் கேட்டதை யோசித்துப் பார்த்தார். தாளைத்தான் கேட்டிருக்கிறார். மாத்திரையைக் கேட்கவே இல்லை, அவள் முகத்தைப் பார்த்தும் கேட்கவில்லை.

வெளியே போய் இரண்டு பன்னும் டீயும் வாங்கிவந்து, ஒன்றை மச்சான் கையில் வைத்தார்.

“சாப்பிடுங்க மச்சான். நீங்க தெரியாம கிழிச்சீங்க. எல்லாம் தெரிஞ்ச நான் ஒரு வார்த்தை சரியா கேக்கல.”

மச்சான் பன்னைப் பிய்க்காமல் வைத்திருந்தார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தன்னுடையதைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தார்.